ஐந்து நாள் வகுப்பு, இருபத்தைந்து நாள் புழு: ஆனேக்கல் பயிற்சியில் நாங்கள் தோற்ற கதை

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் 24 விவசாயிகளுக்குப் பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சி கொடுத்தோம். அவர்களில் 17 பேர் டிசம்பரில் புழு வாங்கினார்கள். 11 வீட்டில் பாதிக்கு மேல் புழு செத்துப்போனது. அதிலும் மூன்று வீட்டில் ஒரு கூடுகூட எடுக்காமல் மொத்தத்தையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். பயிற்சி முடிந்த அன்று வாங்கிய கருத்துப் படிவத்தில் 24 பேரில் 22 பேர் 'மிக நன்று' கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். இந்த இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த கூச்சம்தான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

நாங்கள் தெற்குப் பெங்களூரில் இருக்கிற ஒரு சின்னத் தன்னார்வக் குழு, பெயர் இங்கே முக்கியமில்லை. நான் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, கடைத்தெருக் கன்னடம் சரளமாக வரும், பட்டுப்புழுவைப் பற்றி ஐந்து வருடத்துக்கு முன்பு எதுவும் தெரியாது. என் வேலை ஒருங்கிணைப்பு, அப்புறம் மொழிபெயர்ப்பு. ஆனேக்கல் தாலுகா பெங்களூர் நகர மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், அதனால் ஒரே தெருவில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஓடும். அங்கிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் கன்னடம் பேசுவார்கள், ஆனால் அச்சடித்த கன்னடத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. கையேடுகள் எல்லாம் கன்னடத்தில். தமிழிலேயே ஒரு பயிற்சி நடத்தினால் என்ன என்று கேட்டது நான்தான், அந்தப் பாவத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

வகுப்பு எப்படி நடந்தது

பி.டி.எம். லேஅவுட் பக்கம் ஒரு ஹால் வாடகைக்கு எடுத்தோம். அந்த இடத்தில் எடுத்ததற்குக் காரணம் வெறும் ஆசை. மத்திய பட்டு வாரியம் 1949 முதல் இயங்குகிறது, தலைமையகம் அந்தப் பக்கம்தான், பெங்களூர்க்காரர்களுக்கு 'சில்க் போர்டு' என்றால் ஒரு சிக்னல், ஒரு மேம்பாலம், ஒரு மணி நேரம் வீண். அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் பட்டு இருக்கிறது என்று விவசாயிகள் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். அவர்கள் பார்த்தது சிக்னலை. வாடகை வேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பி பத்து மணிக்கு வந்து சேரும், மாலை நாலு மணிக்கே திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள், மாட்டுக்குப் பால் கறக்க வேண்டுமே.

ஐந்து நாளில் எல்லாவற்றையும் சொன்னோம். பெங்களூர், மைசூர் பக்கம் பட்டு வளர்ப்பு திப்பு சுல்தான் காலத்தில் வேரூன்றியது, 1890களில் ஜம்ஷெட்ஜி டாட்டா பசவனகுடிப் பக்கம் ஜப்பானிய நிபுணர்களை வைத்துப் பட்டுப் பண்ணை நடத்தினார், இன்றைக்கும் அந்த ஏரியாவுக்கு டாட்டா சில்க் ஃபார்ம் என்றுதான் பெயர், இப்படித் தொடங்கி வி-1 மல்பெரி ரகம், இணை வரிசை நடவு, கவாத்து, உரம், கிருமிநீக்கம், ஐந்து பருவம், நான்கு தோலுரிப்பு, நான்கு நோய், ஊசி ஈ, கூடு அறுவடை வரைக்கும் ஸ்லைடு போட்டோம். ஓய்வு பெற்ற ஒரு பட்டு வளர்ச்சி அலுவலர் கன்னடத்தில் பேசினார், நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர், நான் தமிழில் சொன்னேன். ஐந்தாம் நாள் சான்றிதழ், ஒரு தெளிப்பான், ஒரு வெப்பமானி, மதியம் பிரியாணி. டிக் அடித்தது அந்தப் பிரியாணிக்குப் பிறகுதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் அந்துப்பூச்சி இடுகிற முட்டைகளை ஒரு முட்டைத் தொகுதி என்பார்கள், அதில் 400 முதல் 500 முட்டை. விவசாயி 100 தொகுதி எடுத்தால் கையில் 40,000 புழுவாவது இருக்கும். பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை 25 நாள், குளிரில் இரண்டு மூன்று நாள் கூடும். முதல் இரண்டு பருவத்தைச் சாக்கி என்பார்கள், இந்தக் குழந்தைப் பருவத்துக்கு 26 முதல் 28 டிகிரி சூடும் நல்ல ஈரப்பதமும் வேண்டும், வீட்டில் செய்வது கஷ்டம். அதனால் இப்போதெல்லாம் சாக்கி மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவைத்தான் பெரும்பாலானோர் வாங்குகிறார்கள். விவசாயி கையில் அது இருப்பது மூன்று வாரம்கூட இல்லை. இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்து ஏழெட்டு நாளில் தின்று தீர்த்துவிடும். மனிதர்களுக்கு வேலை, தூக்கமின்மை, சண்டை எல்லாம் அந்த ஏழெட்டு நாளில்தான்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தது

ஜனவரியில் நானும் எங்கள் களப்பணியாளர் தம்பியும் 17 வீட்டுக்கும் போனோம். என்ன தப்பு என்று கேட்கப் போகவில்லை, என்ன செய்தீர்கள் என்று நாள்வாரியாகச் சொல்லச் சொன்னோம். இந்த வித்தியாசம் பெரியது. 'கிருமிநீக்கம் செய்தீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'செஞ்சோம்' என்பார்கள், பொய்யும் இல்லை. 'எங்கே வாங்கினீர்கள், எப்படிக் கலந்தீர்கள், மூடி திறந்தபோது வாசனை எப்படி இருந்தது?' என்று கேட்டால் கதை வேறு.

முதல் வீட்டில் கதை அந்த வாசனையில்தான் இருந்தது. 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அளவெல்லாம் சரியாகச் சொல்லியிருந்தோம், அவரும் எழுதி வைத்திருந்தார். ஆனால் அவர் வாங்கிய பவுடர் மளிகைக் கடையில் கோணி வாய் திறந்தபடி மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. பவுடரில் 30 விழுக்காடாவது குளோரின் இருந்தால்தான் அது மருந்து, அது காற்றில் போய்விட்டால் மிச்சம் வெறும் சுண்ணாம்பு. மூக்கைப் பிடிக்க வைக்காத பவுடரை வாங்காதீர்கள் என்று ஒரு வரி நாங்கள் சொல்லவே இல்லை. அந்த வீட்டில் பால் புழு நோய். உடம்பு ஊதி, தோல் பளபளத்து, கால் பட்டால் கிழிந்து பால் மாதிரி ஒழுகும். ஒழுகிய இடத்தில் நடந்த அடுத்த புழுவுக்கும் அதே கதி.

இரண்டு வீட்டில் காரணம் நான். இதை மறைக்க முடியாது. புழு தோலுரிக்கப் போவதைக் கன்னடத்து விவசாயிகள் 'ஜ்வர' என்று சொல்வார்கள், புழு ஜ்வரத்துக்குப் போனது, ஜ்வரத்திலிருந்து எழுந்தது என்று. சார் அப்படிச் சொன்னதை நான் யோசிக்காமல் 'காய்ச்சல் வரும்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். பிறகு ஸ்லைடில் தோலுரிப்பு என்ற சொல்லும் வந்தது, ஆனால் அது வேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் புழுவெல்லாம் தலையைத் தூக்கி அசையாமல் நின்றதும் ஒரு வீட்டில் பயந்துபோய், பாவம், காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இளம் இலையாகப் பொறுக்கிப் பறித்து மேலே மேலே போட்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு நாள் புழுவுக்கு இலையே கூடாது, படுக்கை காய வேண்டும், சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும், நூற்றுக்கு 95 புழு தோல் கழற்றி எழுந்த பிறகுதான் மருந்து தூவி அடுத்த தீனி. நடுவில் இலை போட்டால் முந்தி எழுந்த புழு தின்று வளர்ந்துவிடும், பிந்தியது இலைக்கு அடியில் ஈரத்தில் புதைந்துவிடும். கடைசியில் ஒரே தட்டில் அண்ணனும் தம்பியும் மாதிரி இரண்டு அளவுப் புழு. அந்த அம்மா என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "நீங்கதானே மேடம் காய்ச்சல்னு சொன்னீங்க" என்றார், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு வீட்டில் கொசுவத்திச் சுருள். புழுக்கொட்டகையில் இரவு காவலுக்குப் படுத்தவர் கொசுத் தொல்லை தாங்காமல் ஏற்றி வைத்திருக்கிறார். 'பூச்சிக்கொல்லியைத் தவிர்க்கவும்' என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தது. கொசுவத்தியைப் பூச்சிக்கொல்லி என்று நினைக்கிறவர் எத்தனை பேர்? நானே என் படுக்கையறையில் ஏற்றுகிறேன்.

டிசம்பர்க் குளிர் பல வீட்டைப் பதம் பார்த்தது. பெரிய புழுவுக்கு 23 முதல் 25 டிகிரி போதும், ஆனால் அந்தப் பக்கம் டிசம்பர் இரவில் 15 வரைக்கும் இறங்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாக்கு வைத்து அடைத்து, உள்ளே கரி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். வெப்பமானி சரியாக 25 காட்டியிருக்கிறது! நாங்கள் கொடுத்த வெப்பமானிதான். காற்று கெட்டதை அது காட்டாதே. புழு தளர்ந்து, தீனி குறைந்து, எச்சம் ஈரமாகி, தட்டைப்புழு நோய்.

ஒரு வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தும் போனது, ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்கு மருந்தடித்த காற்று மல்பெரி மேல் விழுந்தது. இலையைத் தின்ற அரை மணியில் புழு வாந்தி எடுத்து, தலையை ஆட்டி, சுருண்டுவிட்டது. இதற்கு எந்த வகுப்பும் உதவாது, பக்கத்துத் தோட்டக்காரரோடு இருக்கிற சிநேகம்தான் உதவும்.

ஊசி ஈயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பட்டுக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். 1980இல் மேற்கு வங்காளத்திலிருந்து கர்நாடகாவுக்குள் வந்தது, அதற்கு முன்பு இங்கே கிடையாது. புழு மேல் முட்டை வைக்கும், அதன் குஞ்சு புழுவுக்குள் வளர்ந்து, சில சமயம் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் இழை அறுந்துவிடும், நூல் எடுக்க முடியாது. ஆச்சரியமாக, இதில் மட்டும் எங்கள் ஆட்கள் கில்லாடி, 17 வீட்டிலும் நைலான் வலை சரியாகக் கட்டியிருந்தது. வலை கட்டுவது ஒரு முறை வேலை. ஒரு முறை செய்து முடிக்கிற வேலையை வகுப்பில் கற்றுக்கொடுத்துவிடலாம் போலிருக்கிறது, நாள்தோறும் பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதை முடியாது. இது என் அனுமானம்தான், ஆனால் அடுத்து நாங்கள் செய்ததெல்லாம் இதிலிருந்து வந்தது.

வந்தவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர்

பன்னிரண்டாவது வீட்டில்தான் இது உறைத்தது. வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து நன்றாகப் பேசினார், நோய்களின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னார், பெப்ரின் என்ற புழு நோயைக் கண்டுபிடிக்க பிரான்சில் பாஸ்டர் 1860களில் தாய்ப் பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்தார் என்பது வரைக்கும் நினைவில் வைத்திருந்தார், எனக்குப் பெருமையாக இருந்தது. 'சரி, நாலாவது தோலுரிப்பு முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து இலை போட்டீங்க?' என்று கேட்டேன். உள்ளே திரும்பி, "ஏ, எப்ப போட்ட?" என்றார்.

அப்புறம் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தால், 24 பேரில் 21 பேர் ஆண்கள். நிலப் பதிவேடான பஹணியில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பயிற்சிக்குக் கூப்பிட்டோம், காலை ஏழு மணிக்கு வேன் ஏறி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்ப யாரால் முடியுமோ அவர்தான் வந்தார். கொட்டகையில் புழுவோடு இருந்ததோ அவர்களுடைய மனைவி, தாய், மருமகள். வீட்டுக்கு வந்து கணவர் என்ன சொன்னார் என்று நாலைந்து பெண்களிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார்: "பிரியாணி நல்லா இருந்துச்சுன்னார்."

அந்த ராத்திரி

இந்த ஆய்வில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த வீடு நோயே வராத வீடு. 150 தொகுதி எடுத்திருந்தார்கள், சுமார் 60,000 புழு, கடைசி வரைக்கும் பிரமாதமாக வந்திருக்கிறது. ஐந்தாம் பருவத்து ஏழாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் புழு பழுக்க ஆரம்பித்தது. பழுத்த புழு தீனியை விட்டுவிடும், உடம்பு சுருங்கிக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், தலையைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டி நூல் மாட்ட இடம் தேடும். அதைப் பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுகிற மூங்கில் தட்டியில், விட வேண்டும். நாலடிக்கு ஆறடி மூங்கில் சந்திரிகை ஒன்றில் 1,000 முதல் 1,100 புழு விடலாம், ஒரு சதுர அடிக்கு 45 வரை. கணக்குப் போட்டால் இவர்களுக்கு 55 சந்திரிகையாவது தேவை. இருந்தது 35, அதுவும் பக்கத்து ஊரில் வாடகைக்கு எடுத்தது.

பொறுக்க இரண்டு பேர், கணவனும் மனைவியும். மாமியாருக்குக் கண் சரியில்லை, டார்ச் பிடித்தார். விடிவதற்குள் பாதிப் புழு தட்டிலேயே இலைக்குச்சிகளுக்கு நடுவே கட்ட ஆரம்பித்துவிட்டது. மீதியை இருந்த சந்திரிகையில் திணித்தார்கள். கூடு கட்டுவதற்கு முன்பு புழு கடைசியாக ஒருமுறை சிறுநீர் கழிக்கும், 60,000 புழுவின் சிறுநீர் என்றால் சும்மா இல்லை, மூடிய அறையில் அந்த ஈரம் போக வழியில்லாமல் கூட்டு நூல் பசைபோல ஒட்டிக்கொள்ளும். திணித்த இடத்தில் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டும், இரட்டைக் கூடு, அதில் இரண்டு இழையும் சிக்கிக்கொள்வதால் நல்ல நூல் வராது. இதோடு, கையில் பணம் தேவை என்று நாலாம் நாளே கூட்டைப் பிரித்துவிட்டார்கள். இருபருவக் கலப்பினம் என்கிற இந்த ரகத்துக்கு ஆறு ஏழு நாள் விட வேண்டும், உள்ளே கூட்டுப்புழு தோல் இறுகாமல் கையாண்டால் நசுங்கிக் கறை படியும். எடை நன்றாக வந்தது, விலை வரவில்லை.

அந்த அம்மா சொன்னதை என் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "சந்திரிகை படம் காட்டுனீங்க அக்கா. அந்த ராத்திரிய காட்டலையே." அன்றைக்குத்தான் முதல் தடவை மேடம் போய் அக்கா வந்தது.

மாற்றியது

ஐந்து நாளையும் உடைத்தோம். ஹால் இல்லை, வேன் இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒன்பது வீட்டை மட்டும் எடுத்தோம், அவர்களில் ஆறு பேர் டிசம்பரில் தோற்றவர்கள். அனுபவமுள்ள ஒரு பெரியம்மாவின் கொட்டகையில் புழு மற்ற எல்லாருக்கும் இரண்டு நாள் முன்பே இறங்கும்படி ஏற்பாடு. அவர் வீட்டில் இன்று நடப்பது நாளை மறுநாள் உங்கள் வீட்டில் நடக்கும். ஆகவே அவர் வீட்டில் மூன்றாம் தோலுரிப்பு என்றால் அன்றைக்கு எல்லோரும் அங்கே வந்து பார்க்க வேண்டும், பேச்சு கிடையாது, புழுவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், எழுந்ததையும் எழாததையும் எண்ண வேண்டும். மொத்தம் ஏழு சந்திப்பு: கிருமிநீக்கம், புழு இறங்கும் நாள், இரண்டு தோலுரிப்பு, ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாள், கூடு கட்டும் இரவு, அறுவடை. யார் தேதி குறிப்பது என்று கேட்காதீர்கள், புழுதான் குறித்தது.

கிருமிநீக்க நாளில் ஒவ்வொருவரும் தங்கள் பவுடர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னோம். திறந்து முகர்ந்து பார்த்தது தவிர அன்றைக்குப் பெரிய பாடம் எதுவும் இல்லை. இரண்டு டப்பா குப்பைக்குப் போனது.

இலை எவ்வளவு என்பதில்தான் சண்டை வந்தது. 100 தொகுதிக்கு ஒரு டன் இலைபோல வேண்டும், தோட்டத்தில் அவ்வளவு இருக்கிறதா என்று புழு கேட்பதற்கு முன்பே கணக்குப் பார்த்தாக வேண்டும். தோட்டத்தை நடந்து பார்த்த பெரியம்மா மூன்று பேரிடம், உங்களுக்கு 150 கிடையாது, 80 எடுங்க என்றார். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூடு கட்டும் இரவுக்கு முறை போட்டோம், கல்யாண வீட்டு மொய் மாதிரி. இன்றைக்கு உன் வீட்டுக்கு நான் நாலு பேரோடு வருவேன், நாளைக்கு என் வீட்டுக்கு நீ வர வேண்டும். சந்திரிகையும் அப்படியே ஊரைச் சுற்றியது. இலையில் தெளித்தால் புழுவெல்லாம் ஒரே நேரத்தில் பழுக்க வைக்கிற சம்பூர்ணா என்ற தயாரிப்பு ஒன்று இருக்கிறது, இங்கொன்றும் அங்கொன்றும் பழுத்துத் தலை காட்டும்போது தெளிப்பார்கள். முதல் சுற்றில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். ஆளும் சந்திரிகையும் தயாராக இருந்தால் அது வரம், இல்லாவிட்டால் 60,000 புழுவும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்.

நான் எதிர்பார்க்காதது ராமநகரத்தில் நடந்தது. கர்நாடகாவில் கூட்டை அரசுச் சந்தையில்தான் விற்க வேண்டும், 1959ஆம் வருடச் சட்டம் அப்படி. ராமநகரச் சந்தை நாட்டிலேயே பெரியது, ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டை வரும், இப்போது ஏலம் மின்னணு முறையில். முதல் முறையாகப் பெண்களும் டெம்போவில் வந்தார்கள். நூற்பாளர் ஒருவர் கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார், உள்ளே கூட்டுப்புழு கலகலவென்று ஆடினால் இறுகியிருக்கிறது, நல்ல கூடு. விற்ற பிறகு அவரிடமே கேட்டு அவருடைய நூற்புக் கொட்டகைக்குப் போனோம். சுடுதண்ணீரில் கூடு மிதக்கிறது, ஒவ்வொன்றிலும் நுனியைப் பிடித்து எட்டு பத்துக் கூட்டின் இழையைச் சேர்த்து ஒரு நூலாக இழுக்கிறார்கள். ஒரு கூட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வரும். இடையில் ஒரு கூடு அறுந்தது, அந்தப் பெண் நிறுத்தி, நுனி தேடி, மறுபடி சேர்த்தாள். மறுபடி அறுந்தது. கையில் எடுத்துக் காட்டினாள், லேசான மஞ்சள் கறை. எங்கள் ஆட்கள் யாரும் எதுவும் பேசவில்லை. டிசம்பரில் சந்திரிகையில் புழுவைத் திணித்த அந்த அம்மா மட்டும் கறைக் கூட்டை வாங்கிப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

சந்திரிகைக்கு ஏன் காற்று வேண்டும் என்று நான் அரை மணி நேரம் மொழிபெயர்த்ததை அந்த அறுந்த இழை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது. அதனால் அடுத்த குழுவுக்கு நூற்புக் கொட்டகையைத்தான் முதல் வகுப்பாக வைத்திருக்கிறோம்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

ஒன்பது வீட்டிலும் 100 தொகுதிக்குச் சராசரியாக 58 கிலோ கூடு வந்தது. டிசம்பரில் அதே ஆட்களில் புழு எடுத்தவர்களுக்குச் சராசரி 30 கிலோவைத் தொடவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் எங்கள் திறமை எவ்வளவு என்று அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டாவது சுற்று பிப்ரவரி கடைசியில் நடந்தது, குளிர் விட்டுவிட்டது, மழையும் இல்லை, புழுவுக்கு அது சொகுசான காலம். ஒரு முறை தோற்ற பயம் வேறு எல்லோருக்கும் இருந்தது. ஐப்பசி மழையில் இதே ஒன்பது பேர் என்ன எடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். கைதேர்ந்தவர்கள் 70 கிலோ, அதற்கு மேலும் எடுக்கிறார்கள், அந்த இடத்துக்கு நாங்கள் வரவில்லை.

செலவு தலைக்குக் கூடிவிட்டது. ஹால் வாடகை மிச்சம், ஆனால் எங்கள் தம்பி அந்த மாதம் பதினோரு இரவு ஊரிலேயே தங்கினான், பெட்ரோல், சாப்பாடு, அவன் வீட்டில் சண்டை. நிதி கொடுத்தவர்கள் 'எத்தனை பேருக்குப் பயிற்சி?' என்றுதான் கேட்கிறார்கள், போன முறை 24, இந்த முறை 9. எத்தனை கிலோ கூடு என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நானே ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை.

இரண்டு வீடு இந்த வருடத்தோடு நிறுத்துகிறது, புழுவால் இல்லை. அவர்களுடைய மல்பெரித் தோட்டத்தை ஒட்டி லேஅவுட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், ஏக்கருக்குச் சொல்கிற விலைக்கு முன்னால் கூட்டுக்கு என்ன பேச முடியும். நானும் பேசவில்லை.

தக்காளித் தோட்டத்துக்காரர் பிரச்சினை பாதி தீர்ந்தது. மருந்தடிக்கிற முதல் நாள் போன் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், பதிலுக்குப் புழு எச்சமும் மிஞ்சிய தண்டும் அவருக்கு உரத்துக்கு இலவசம். ஒரு முறை மறந்துவிட்டார்.

கருத்துப் படிவத்தை மாற்றிவிட்டோம். இப்போது அதை அறுவடை முடிந்து பத்து நாள் கழித்து, கொட்டகையில் வேலை செய்தவரிடம் வாய்வழியாகக் கேட்டு நாங்களே எழுதுகிறோம். 'மிக நன்று' கட்டம் இல்லை.

போன வாரம் இரவு ஒன்றரை மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். "நாலஞ்சு தலையைத் தூக்குது, பொண்ணுங்களுக்குச் சொல்லிட்டேன், நீயும் வரணும்னா வா." தம்பியையும் எழுப்பிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். இரண்டு மணிக்குச் சில்க் போர்டு சிக்னலில் ஒரு நாய் குறுக்கே நிதானமாக நடந்து போனது, வேறு யாருமே இல்லை.